54-ஐத் தாண்டாத வைஃபை: லினக்ஸ் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் வைஃபை வேகத்தைப் பற்றியவைதான் அதிகம். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டாயிற்று, எல்லாம் நன்றாக ஓடுகிறது, இன்டர்நெட் மட்டும் இழுக்கிறது என்று, மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் என் கடைக்கு நேரில் வந்து சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். சிறு கோடு போட்டுப் பிரித்திருந்தால் ஒவ்வொரு துண்டும் ஓர் ஆங்கில எழுத்து. பெரிய எழுத்து என்று நான் சொல்லும் இடம் தவிர, எல்லாவற்றையும் சிறிய எழுத்திலேயே டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) தட்டுங்கள்.

கேள்வி: வணக்கம் அக்கா. கீழ் வீட்டில் அப்பா அம்மா, மேல் தளத்தில் அண்ணன் குடும்பமும் நானும். ரௌட்டர் கீழே ஹாலில். என் லேப்டாப்பில் இன்டெல் வைஃபை, உபுண்டு 24.04. முன்பு இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். இணையத்தில் தேடி ஒரு வரி சேர்த்தேன் (படம் இணைத்திருக்கிறேன்). அறுவது குறைந்தது. ஆனால் இப்போது வேகம் 54 எம்பிபிஎஸுக்கு (நொடிக்கு மெகாபிட்) மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. அதே மேசையில் ஃபோனில் 200 வருகிறது. புது வைஃபை அட்டை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கட்டுமா?
– பல்கலைக்கழக மாணவர், த்ரியோலே

பதில்: வாங்காதீர்கள் தம்பி. அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் எழுதிய 54 என்ற எண்ணிலேயே விடை இருக்கிறது. சிக்னல் மட்டும்தான் மோசம் என்றால் எண் அலைந்துகொண்டே இருக்கும். ஒரு நேரம் 130 காட்டும், 39-க்கு இறங்கும், மறுபடி 78-க்கு வரும். எத்தனை பக்கத்தில் போய் உட்கார்ந்தாலும் 54-ஐத் தாண்டவில்லை என்றால், அதற்கு மேல் போகாதே என்று டிரைவரிடம் (அட்டையை இயக்கும் நிரலிடம்) யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள். 54 என்பது 2003-இல் வந்த 802.11ஜி என்ற வைஃபை தரத்தின் உச்சவரம்பு. உங்கள் அட்டை அதைவிட எவ்வளவோ புதியது.

சொன்னது யார் என்பதும் நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. டிரைவர் அமைப்புகளை வைக்கும் மாட்ப்ரோப் ஃபோல்டரில் நீங்கள் சேர்த்த வரியின் கடைசியில் 11என் டிஸேபிள், சமக்குறி, 1 என்று இருக்கிறது பாருங்கள். அந்த 1, 802.11என் தரத்தை முழுவதுமாக அணைத்துவிடுகிறது. பெயரைப் பார்த்தால் பழைய தரம் ஒன்றுதானே போகிறது என்று தோன்றும். ஆனால் 2009-இல் வந்த அந்த 802.11என் தரத்தின் மேல்தான் 2013-இன் 802.11ஏசி தரத்தைக் கட்டியிருக்கிறார்கள். 802.11என் போனால் ஏசியும் கூடவே போய்விடும். நல்ல அட்டை ஒன்றை ஜி காலத்து அட்டையாக மாற்றி வைத்திருக்கிறீர்கள்.

802.11என் தரம் கொண்டுவந்த பெரிய விஷயம், பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) சேர்த்துக் கட்டி அனுப்புவது. காற்றில் ஒரு பாக்கெட்டை விடுவதற்கு முன் வேறு யாரும் பேசவில்லையா என்று அட்டை காத்திருந்து பார்க்க வேண்டும். அனுப்பிய பிறகு, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்கும் காத்திருக்க வேண்டும். அறுவடை நாளில் ஒவ்வொரு கரும்பாக லாரியில் வைத்து ஆலைக்கு ஓட்டினால் லாரி எவ்வளவு வேகமாகப் போய் என்ன பயன்? 802.11என் தரத்தில் 64 பாக்கெட் வரை ஒரே நடையில் போகும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் வரும். ஜி தரத்தில் அது கிடையாது. அதனால்தான் திரையில் 54 என்று இருந்தாலும் கைக்கு 20, 25 எம்பிபிஎஸ்தான் வந்து சேரும்.

அப்படியானால் இந்த வரியை ஏன் இத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறார்கள்? சில அட்டைகளில், சில ஃபர்ம்வேர் (அட்டைக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) பதிப்புகளில், இந்தச் சேர்த்துக் கட்டும் வேலையில் உண்மையாகவே கோளாறு இருந்தது. அதை அணைத்தவர்களுக்கு அறுவது நின்றது. கோளாறு சரியான பிறகும் அறிவுரை மட்டும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு வரியை எங்கிருந்தாவது எடுத்துச் சேர்க்கும்போது அந்த எண் என்ன செய்கிறது என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். மோடின்ஃபோ என்று தட்டி, இடம் விட்டு ஐ-டபிள்யூ-எல்-வைஃபை என்று கொடுத்தால் டிரைவரே தன் எல்லா விருப்பங்களையும் பட்டியல் போட்டுச் சொல்கிறது. அங்கே பார்த்தால் 1 முழு அணைப்பு, 2 அனுப்பும்போது சேர்த்துக் கட்டாதே, 4 பெறும்போது சேர்த்துக் கட்டாதே என்று இருக்கும். நிஜமாகவே சந்தேகம் இருந்தால் 2-ஐயும் 4-ஐயும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்திருக்கலாம். எடுத்த எடுப்பில் 1 போட வேண்டியதே இல்லை.

சரி, இப்போது அந்த வரியின் முன் ஒரு ஹாஷ் குறி போட்டுச் சேமித்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வேகம் திரும்பிவிடும். அறுவதும் திரும்பலாம். அப்போது உண்மையான காரணத்தைத் தேடுவோம்.

ஐ-டபிள்யூ டெவ் என்று தட்டினால் உங்கள் வைஃபைக்கு லினக்ஸ் வைத்திருக்கும் பெயர் வரும், பெரும்பாலும் டபிள்யூ-எல் என்று தொடங்கும். பிறகு ஐ-டபிள்யூ டெவ், அந்தப் பெயர், லிங்க் என்று தட்டுங்கள். வருகிற வரிகளில் மூன்றைப் படியுங்கள். ஃப்ரீக் என்ற வரியில் 24 என்று தொடங்கினால் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 என்று தொடங்கினால் 5 கிகாஹெர்ட்ஸ். சிக்னல் என்ற வரியில் மைனஸ் 50 என்றால் மிக நல்லது, மைனஸ் 67 வரை வீடியோவுக்குப் போதும், மைனஸ் 75-ஐத் தாண்டினால் சிரமம், 80-இல் இணைப்பு உயிரோடு இருப்பதே பெரிய காரியம். மூன்றாவது டிஎக்ஸ் பிட்ரேட். ரௌட்டர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் 866.7, விஎச்டி எம்சிஎஸ் 9, 80 மெகாஹெர்ட்ஸ், என்எஸ்எஸ் 2 என்கிற மாதிரி வரும். விஎச்டி என்பது ஏசி தரம், எச்இ என்று வந்தால் அதற்கடுத்த ஏஎக்ஸ் தரம், எம்சிஎஸ் என்பது வேகப் படியின் எண், 80 என்பது அலைவரிசையின் அகலம், என்எஸ்எஸ் 2 என்பது இரண்டு ஆன்டெனாவும் வேலை செய்கின்றன என்பதற்கு அடையாளம். விஎச்டி, எச்இ, எம்சிஎஸ் எதுவுமே இல்லாமல் வெறும் 54 என்று மட்டும் இருந்தால், இப்போது உங்களுக்கு இருக்கிற நிலைமைதான்.

லிங்க் என்ற இடத்தில் ஸ்டேஷன் டம்ப் என்று போட்டால் இன்னும் விவரம் வரும். டிஎக்ஸ் பாக்கெட்ஸ், டிஎக்ஸ் ரீட்ரைஸ், டிஎக்ஸ் ஃபெயில்ட் என்ற மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு பெரிய ஃபைலை மேலேற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அனுப்பிய பாக்கெட்டுகளோடு மறுமுயற்சிகளும் ஏறக்குறைய சமமாக ஏறினால் காற்று மோசம், டிரைவர் பாவம்.

உங்கள் வீட்டு அமைப்பைப் படித்தவுடன் எனக்கு அந்தச் சந்தேகம்தான். 1960-இல் கரோல் புயல் மரவீடுகளையும் தகர வீடுகளையும் வாரிக்கொண்டு போன பிறகு மொரீஷியஸ் கான்கிரீட்டுக்கு மாறியது. புயலுக்கு அது அரண். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கும் அதே அரண்தான். கம்பி போட்டு வார்த்த தளம் ஒன்றைத் தாண்டும்போது சிக்னல் பாதிக்கும் கீழே போய்விடும். லேப்டாப் 5-ஐ விட்டு 2.4-க்குத் தாவும், அங்கே கூட்டமாக இருந்தால் திரும்ப 5-க்கு வரும். அந்தத் தாவலைத்தான் அறுவது என்று நீங்கள் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மாடிப்படி ஓரமாக ஒரு ஈத்தர்நெட் கேபிளை மேலே இழுத்து, அங்கே ஓர் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் கருவி) வைத்தால் அண்ணன் குடும்பத்துக்கும் சேர்த்துத் தீர்ந்தது. வெளிச்சுவர் வழியாக இழுத்தால் குழாய்க்குள் விட்டு இழுங்கள். வெயிலும் மழையும் வெறும் கேபிளைச் சீக்கிரம் தின்றுவிடும்.

கேள்வி: ஒரு நேரம் பார்த்தால் 6 எம்பிபிஎஸ் என்று காட்டுகிறது, அடுத்த நிமிடம் 866 என்கிறது. டிரைவர் பழுதா?
– வங்கி ஊழியர், போர்ட் லூயி

பதில்: பழுது இல்லை. அந்த எண் கடைசியாக அனுப்பிய பாக்கெட்டின் வேகம், அவ்வளவுதான். நீங்கள் சும்மா இருக்கும்போது லேப்டாப் ரௌட்டருக்கு, நான் இங்கேதான் இருக்கிறேன் என்கிற மாதிரிச் சிறு செய்திகளை அனுப்பும். அவை கட்டாயம் போய்ச் சேர வேண்டும் என்பதால் மிகக் குறைந்த வேகத்தில் போகும், 5 கிகாஹெர்ட்ஸில் 6, 2.4-இல் 1. ஒரு பெரிய ஃபைல் ஏறிக்கொண்டிருக்கும்போது பார்த்த எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள்.

வேகத்தைத் தேர்ந்தெடுப்பது யார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏதெராஸின் ஏ-டி-எச்-9-கே போன்ற டிரைவர்களில் கெர்னலுக்குள் (லினக்ஸின் மையப் பகுதிக்குள்) இருக்கும் மின்ஸ்ட்ரல் என்ற பகுதி. அது பெரும்பாலான பாக்கெட்டுகளை இப்போதைக்கு நன்றாகப் போகிற வேகத்தில் அனுப்பிக்கொண்டே, சிலவற்றை மட்டும் வேறு வேகங்களில் விட்டுப் பார்க்கும். எந்த வேகத்தில் எத்தனை போய்ச் சேர்ந்தன என்ற கணக்கை ஒரு நொடிக்குள் பலமுறை புதுப்பிக்கும். இன்டெல் அட்டைகளில் இதை இன்டெல்லின் டிரைவரோ ஃபர்ம்வேரோ தானே செய்கிறது. எதுவானாலும் வேகத்தை நாமே பிடித்து ஓர் எண்ணில் நிறுத்துவது நல்ல யோசனை இல்லை. நிறுத்திய அந்த வேகத்துக்குச் சிக்னல் போதாத நொடியில் எல்லாப் பாக்கெட்டும் விழும்.

கேள்வி: வணக்கம். பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பிக்கிறேன். பிள்ளைகளுக்குப் பாடம் தயாரிக்கப் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தார்கள். ரௌட்டருக்கு இரண்டடி தூரத்தில் வைத்தால்தான் வைஃபை கிடைக்கிறது. அடுத்த அறைக்குப் போனால் போய்விடுகிறது. அதே லேப்டாப்பில் விண்டோஸ் இருந்தபோது இப்படி இல்லை. எல்-எஸ்-பி-சி-ஐ என்று தட்டிப் பார்க்கச் சொன்னீர்கள். ரியல்டெக் 8723பிஇ என்று வந்தது.
– ஆசிரியை, காத்ர் போர்ன்

பதில்: டீச்சர், அந்த ஒரு வரியை எழுதி அனுப்பியதற்கு நன்றி. பத்துப் பக்கம் விளக்கத்தை விட அது உதவியது.

அந்தச் சில்லில் ஆன்டெனா மாட்டுவதற்கு இரண்டு இடம் உண்டு. செலவைக் குறைக்கச் சில லேப்டாப்களில் ஒரே ஒரு ஆன்டெனாவை மட்டும் மாட்டி அனுப்பினார்கள். எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது என்ற குறிப்பு அட்டையின் நினைவகத்தில் சரியாக இருக்க வேண்டும். சில மாடல்களில் அது சரியாக இல்லை. அதனால் லினக்ஸ் டிரைவர் ஆன்டெனா இல்லாத வெற்று இடத்தின் வழியாகப் பேசப் பார்க்கிறது. இரண்டடியில் கிடைத்து, அடுத்த அறையில் செத்துப்போவதற்கு அதுதான் காரணம். டிரைவரை எழுதியவர்கள் இதற்காகவே ஏ-என்-டி, அடிக்கோடு, எஸ்-இ-எல் என்று ஒரு விருப்பத்தைச் சேர்த்திருக்கிறார்கள். 1 என்றால் ஓர் இடம், 2 என்றால் மற்றது.

செய்ய வேண்டியது இதுதான். இ-டி-சி ஃபோல்டருக்குள் இருக்கும் மாட்ப்ரோப், புள்ளி, டி என்ற ஃபோல்டரில் கான்ஃப் என்று முடியும் ஒரு புதிய ஃபைல். அதில் ஒரே வரி: ஆப்ஷன்ஸ், இடம், ஆர்-டி-எல்-8723-பி-இ, இடம், ஏ-என்-டி அடிக்கோடு எஸ்-இ-எல், சமக்குறி, 2. சேமித்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து, அடுத்த அறையில் உட்கார்ந்து சிக்னலைப் பாருங்கள். மைனஸ் 80-இல் இருந்தது 55, 60-க்கு வந்தால் பிடித்துவிட்டோம். மாற்றமே இல்லை என்றால் 2-ஐ 1 ஆக்குங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் லேப்டாப்பை எடுத்து வாருங்கள், உள்ளே ஆன்டெனா வயரே கழன்றிருக்கும். அந்த மெல்லிய வயரின் முனை பித்தான் மாதிரி அழுத்தி மாட்டுவது. ஹார்ட் டிஸ்க் மாற்றும்போது யாராவது இழுத்துவிட்டிருப்பார்கள்.

இந்தக் கோளாறுக்காக நல்ல லேப்டாப்களை ஓரம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். பிள்ளைகள் கையில் இருக்க வேண்டிய இயந்திரங்கள் அவை.

கேள்வி: அக்கா, கோயில் தைப்பூசக் காவடியை நேரலையாக ஒளிபரப்புகிறோம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பார்ப்பார்கள். அலுவலகக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட், பின்பக்கம் யுஎஸ்பி வைஃபை டாங்கிள், பக்கத்திலேயே பதிவு செய்யும் வெளி ஹார்ட் டிஸ்க். சோதனை செய்யும்போதெல்லாம் நன்றாகப் போகிறது. அன்றைக்குப் பார்த்து, காவடி மலையடிவாரத்தை நெருங்கும் நேரத்தில் படம் உறைந்துவிடுகிறது. வேகம் சோதித்தால் 90 காட்டுகிறது. எந்த டிரைவர் போட வேண்டும்?
– கோயில் இளைஞர் குழு

பதில்: டிரைவரை மாற்றுவதற்கு முன், 90 என்பது எந்தத் திசை என்று பாருங்கள். சோதனைத் தளங்கள் பெரிதாகக் காட்டுவது இறங்கும் வேகத்தை. உங்களுக்கு வேண்டியது ஏறும் வேகம். 720 படத்துக்கு 3, 4 எம்பிபிஎஸ் இடைவிடாமல் ஏறினால் போதும். இடைவிடாமல் என்பதுதான் முக்கியம்.

அந்தத் திசையைத் தனியாக அளக்க ஐபெர்ஃப்3 என்ற சிறு நிரல் இருக்கிறது. ரௌட்டரில் கேபிளால் இணைத்த ஒரு கம்ப்யூட்டரில் ஐபெர்ஃப்3, மைனஸ் எஸ் என்று ஓட விடுங்கள். வைஃபையில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஐபெர்ஃப்3, மைனஸ் சி, பிறகு முதல் கம்ப்யூட்டரின் ஐபி எண். அது அனுப்பும் வேகத்தைச் சொல்லும். கடைசியில் மைனஸ் பெரிய ஆர் சேர்த்தால் பெறும் வேகம். இன்டர்நெட் கம்பெனி இதில் வரவே வராது, உங்கள் காற்றும் டிரைவரும் மட்டும். ஆளில்லாத நாளில் சோதித்துப் பயனில்லை. வெள்ளிக்கிழமை மாலைப் பூஜையில் கூட்டம் இருக்கும்போது சோதியுங்கள்.

ஏனென்றால் காவடி நாளில் நடப்பது இது. வந்திருக்கும் ஒவ்வொருவர் கையிலும் ஃபோன். ஒவ்வொன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸில் தெரிந்த வைஃபை ஏதாவது இருக்கிறதா என்று கூவிக்கொண்டே இருக்கும், அதுவும் 1 எம்பிபிஎஸ் என்ற மிகக் குறைந்த வேகத்தில். மெதுவாகப் பேசுபவர் காற்றை நெடுநேரம் பிடித்துக்கொள்கிறார். மனித உடம்பும் இந்த அலையை உறிஞ்சும். உங்கள் டாங்கிள் அனுப்பும் பாக்கெட்டுகள் திரும்பத் திரும்ப விழ, டிரைவர் வேகத்தைப் படிப்படியாக இறக்கிக்கொண்டே போகும். அது அதன் கடமையைத்தான் செய்கிறது.

அதோடு அந்த ஹார்ட் டிஸ்க். யுஎஸ்பி 3 கேபிளும் முனையும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே இரைச்சலைக் கிளப்பும். 2012-இல் இன்டெல் இதை அளந்து அறிக்கையாகவே வெளியிட்டது. டாங்கிளுக்கு நான்கு விரல் தள்ளி டிஸ்க் எழுதிக்கொண்டிருந்தால் டாங்கிளின் காதில் கத்துவதற்குச் சமம். ஒளிபரப்பும்போதுதானே பதிவும் ஓடுகிறது? சோதனையின்போது பதிவை ஓட விட்டீர்களா?

என் யோசனை, அலுவலகத்திலிருந்து ரௌட்டர் வரை கேபிள் இழுத்துவிடுங்கள். ஈத்தர்நெட் 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும், கோயில் வளாகத்துக்கு அது போதும். ஆண்டுக்கு ஒரு முறை வரும் நாள், பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கடல் கடந்து இருப்பவர்கள். அதைக் காற்றை நம்பி விடக் கூடாது. கேபிள் முடியவே முடியாது என்றால் டாங்கிளை ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் எடுத்து உயரத்தில் வையுங்கள், 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கும் டாங்கிளாகப் பாருங்கள், டிஸ்க்கை முன்பக்கத்துக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று, மின் சேமிப்பு. உபுண்டு, மின்ட் இரண்டிலும் நெட்வொர்க் மேனேஜர் வைஃபையை இடையிடையே தூங்க வைக்கும். இ-டி-சி ஃபோல்டரில் நெட்வொர்க் மேனேஜர் (ஒரே சொல்லாக; அதன் என், எம் இரண்டும் பெரிய எழுத்து) ஃபோல்டருக்குள் கான்ஃப், புள்ளி, டி என்று ஒன்று இருக்கும். அதில் பவர்சேவ் ஆன் என்று முடியும் ஃபைலில் 3 என்று இருப்பதை 2 ஆக்கினால் தூங்காது. மேசைக் கம்ப்யூட்டருக்கு அது தூங்க வேண்டிய அவசியமே இல்லை. லேப்டாப்பில் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்.

கேள்வி: மகளே, எனக்கு 70 வயது. மின்ட் 21 வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை அப்டேட் செய்த பிறகும் யுஎஸ்பி வைஃபை காணாமல் போகிறது. பேரன் வந்து ஏதோ தட்டிச் சரி செய்கிறான். அப்டேட் செய்வதையே நிறுத்திவிட்டேன். சரிதானே? டாங்கிளில் 8821சியு என்று எழுதியிருக்கிறது.
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், கூர்பிப்

பதில்: ஐயா, அப்டேட்டை மட்டும் நிறுத்தாதீர்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் அதில்தான் வருகின்றன.

உங்கள் டாங்கிளுக்கான டிரைவர் மின்ட் 21 முதலில் கொண்டுவந்த 5.15 கெர்னலுக்குள் இல்லை. அதனால் பேரன் வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார். வெளி டிரைவரை ஒவ்வொரு கெர்னலுக்கும் புதிதாகக் கட்ட வேண்டும். கெர்னல் மாறும்போதெல்லாம் அது தானாகக் கட்டப்படவில்லை என்றால் வைஃபை போய்விடும். இப்போது நல்ல செய்தி: 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கெர்னலில் ஆர்-டி-டபிள்யூ-88 என்ற டிரைவருக்குள் உங்கள் 8821சியு சேர்ந்துவிட்டது. மின்ட் 22 முதலில் வந்ததே 6.8 கெர்னலோடுதான். அதற்கு மாறிவிட்டால் டாங்கிளைச் செருகியவுடன் வேலை செய்ய வேண்டும். மாறும் முன் பேரனிடம் சொல்லி அந்தப் பழைய வெளி டிரைவரை நீக்கச் சொல்லுங்கள். இரண்டும் இருந்தால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

புதிதாக டாங்கிள் வாங்கும் மற்றவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பெட்டியில் எழுதியிருக்கும் 1200, 1300 என்ற எண்களைப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன சில்லு என்று கேளுங்கள். மீடியாடெக் எம்டி7612யு போல டிரைவர் ஏற்கெனவே கெர்னலுக்குள் இருக்கும் சில்லாக இருந்தால் பல ஆண்டு நிம்மதி. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் திருப்பித் தரலாமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வீட்டில் செருகி எல்-எஸ்-யு-எஸ்-பி என்று தட்டினால் சில்லின் பெயர் வந்துவிடும்.

கேள்வி: வைஃபை அமைப்பில் இருக்கும் நாட்டுக் குறியீட்டை வேறு நாட்டுக்கு மாற்றினால் சிக்னல் சக்தி கூடும் என்கிறார்களே?
– வாசகர், மாயேபூர்

பதில்: மாற்றாதீர்கள். அட்டைக்குள்ளேயே சக்திக்கு வரம்பு எழுதியிருக்கும், குறியீடு அதைத் தாண்டாது. தாண்டினாலும் உங்கள் லேப்டாப் உரக்கப் பேசும், அவ்வளவுதான். ரௌட்டர் பேசுவது உங்களுக்குக் கூடுதலாகக் கேட்கப் போவதில்லை. சட்டப்படியும் அது தவறு. செய்ய வேண்டியது வேறொன்று: ஐ-டபிள்யூ ரெக் கெட் என்று தட்டிப் பாருங்கள். நம் நாட்டுக்குரிய எம்-யு இருந்தால் சரி. யு-எஸ் என்று இருந்தால் ரௌட்டர் 13-ஆம் சேனலில் இருக்கும்போது லேப்டாப்புக்கு அது தெரியவே தெரியாது. வைஃபை மாயமாகிவிட்டது என்று வருகிற சில லேப்டாப்களில் இதுதான் காரணமாக இருக்கிறது. ரௌட்டரை 1, 6, 11 இவற்றில் ஒன்றில் வைத்துவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.

கேள்வி: வேகச் சோதனையில் முழு வேகமும் வருகிறது. சென்னையில் படிக்கும் மகளோடு வீடியோவில் பேசினால் மட்டும் முகம் சிதறுகிறது. வைஃபை டிரைவரை மறுபடி போடச் சொன்னார்கள்.
– ஒரு தாய், பெல் ஏர்

பதில்: போட வேண்டாம் அம்மா. வேகச் சோதனை பெரும்பாலும் இந்தத் தீவுக்குள்ளேயே இருக்கும் சர்வரோடுதான் நடக்கும். அங்கே முழு வேகம் வந்துவிட்டது என்றால் உங்கள் லேப்டாப், டிரைவர், வீட்டு வைஃபை எல்லாம் நன்றாக இருக்கின்றன. சோதனைத் தளத்தில் சர்வரை மாற்றும் இடம் இருக்கும், சென்னையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மறுபடி சோதியுங்கள். நம் தீவிலிருந்து இந்தியாவுக்குக் கடலடிக் கேபிள் இருக்கிறது. 2002-இல் வந்த சேஃப் கேபிள் தென்னாப்பிரிக்காவிலிருந்து ரீயூனியன், மொரீஷியஸ் வழியாகக் கொச்சிக்கும் பினாங்குக்கும் போகிறது. ஆனால் உங்கள் பேச்சு அந்த வழியாகத்தான் போகும் என்று கட்டாயமில்லை. கம்பெனிகளின் ஏற்பாட்டைப் பொறுத்து ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டும் போகலாம். எம்-டி-ஆர் என்ற நிரலைப் போட்டு, சென்னைச் சர்வர் ஒன்றின் முகவரியைக் கொடுத்தால் பாக்கெட் கடக்கும் ஒவ்வொரு நிறுத்தமும் வரிசையாக வரும். முதல் வரி உங்கள் ரௌட்டர். அதில் இழப்பு 0 என்று இருந்து, கீழே ஒரு வரியில் தொடங்கிக் கடைசி வரை இழப்பு தொடர்ந்தால், கோளாறு அந்த இடத்தில் இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு வரியில் மட்டும் இழப்பு காட்டினால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். இரவு, காலை என்று இரண்டு நேரத்தில் எடுத்த படத்தை உங்கள் இன்டர்நெட் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அனுப்புங்கள். வெறுமனே மெதுவாக இருக்கிறது என்று சொன்னால் ரௌட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். படத்தோடு போனால் அடுத்த மேசைக்கு அனுப்புவார்கள்.